நீதிபதியின் மூளையைப் படிப்பதா, நம் வழக்குக் கட்டைப் படிப்பதா?

வாசகர் கேள்வி, ஜனவரி 6

வக்கீல் தொழிலுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. போன வாரம் இளம் வழக்கறிஞர்களுக்கான இரண்டு நாள் பயிற்சிக்குப் போயிருந்தேன். முழுக்க மூளை அறிவியல்தான். கேட்பவர் மனத்தில் பதிவதில் சொற்களின் பங்கு 7 சதவீதம், குரலின் பங்கு 38, உடல்மொழியின் பங்கு 55 என்றார் பயிற்சியாளர். அரிஸ்டாட்டிலும் ரோமானிய வக்கீல் சிசரோவும் வரலாற்று மாணவர்களுக்கு. நீதிபதியின் மூளை எப்படி முடிவெடுக்கிறது என்பதை இன்று அளந்தே பார்த்துவிட்டார்கள், அதைக் கற்றால் போதும் என்றும் சொன்னார். என் சீனியர் சொல்வது நேர்மாறு: பழைய வாதக்கலையைப் படி, மற்றதெல்லாம் வியாபாரம். யார் சொல்வது சரி?

ஜனவரி 6, இரவு 9.40

முதலில் அந்த 7 சதவீதத்தைத் தூக்கி எறியுங்கள். ஆல்பர்ட் மெராபியன் 1967இல் செய்த இரண்டு சிறிய சோதனைகளிலிருந்து வந்த எண் அது. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு குரலில் பதிவுசெய்து ஒலிக்கவிட்டார். முகப் படங்களையும் காட்டினார். பேசுகிறவருக்கு எதிரில் இருப்பவரைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்னார். விருப்பு வெறுப்பைத் தெரிவிக்கும் பேச்சுக்கு மட்டுமே அந்தக் கணக்கு பொருந்தும் என்று அவரே சொல்லிவிட்டார். குத்தகை ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவுக்கு என்ன பொருள் என்று வாதிடும் இடத்தில் சொல்லுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு என்றால், எழுத்துப்பூர்வ வாதுரையை எதற்காகத் தாக்கல் செய்கிறோம்?

உங்கள் சீனியர் சொல்வதையும் அப்படியே ஏற்க மாட்டேன். மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பது பற்றி உருப்படியான ஆய்வுகள் வந்திருக்கின்றன. இடைவேளை நெருங்க நெருங்க நீதிபதிகள் கடுமையாகிறார்கள் என்று காட்டிய இஸ்ரேல் பரோல் ஆய்வு ஒன்று போதும். நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஜனவரி 7, காலை 6.15

பழைய வாதக்கலை என்றதும் உவமையும் உருக்கமும் மேடை முழக்கமும்தான் பலருக்கு நினைவு வருகின்றன. எனக்கு அதில் கிடைத்தது வேறு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஹெர்மகோரஸ் என்ற கிரேக்க ஆசிரியர் வகுத்த முறை அது. பெயர் ஸ்டாசிஸ், 'நிற்குமிடம்' என்று சொல்லலாம். இரு தரப்பும் முட்டி நிற்கிற இடம் எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. நான்கே இடங்கள். நடந்ததா? நடந்ததற்குச் சட்டத்தில் என்ன பெயர்? நடந்தது நியாயம்தானா? இதை விசாரிக்க இந்த மன்றத்துக்கு அதிகாரம் உண்டா?

என்னிடம் வரும் ஜூனியர்கள் கட்டு கைக்கு வந்ததும் முன்தீர்ப்புகளைத் தேட உட்கார்ந்துவிடுகிறார்கள். இருபது தீர்ப்புகளோடு வருவார்கள். 'வழக்கு எங்கே நிற்கிறது?' என்று கேட்டால் பதில் வராது. அந்த இருபதில் பதினைந்து, எதிர்த்தரப்பு மறுக்கவே மறுக்காத விஷயத்தைப் பற்றியவையாக இருக்கும்.

கண்ணகி வழக்கை இந்த நான்கு கேள்விகளோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். என் கணவனை உன் ஊரில் கொன்றார்கள் என்கிறாள். பாண்டியன் சொல்லும் பதில்: 'கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று.' இது மூன்றாவது கேள்விக்கான பதில். கோவலன் கள்வன் என்பதை முடிந்துபோன உண்மையாக வைத்துக்கொண்டு, அவனைக் கொன்றது முறைதான் என்கிறான். சாதாரண வக்கீல் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்வார். திருட்டுக்கு உயிரையா எடுப்பது, விசாரணை எங்கே என்று அரசன் கோடு போட்ட களத்துக்குள்ளேயே நின்று வாதிடுவார். கண்ணகி ஒரே வரியில் வழக்கை முதல் கேள்விக்கு இழுத்து வருகிறாள்: 'என் காற் பொற்சிலம்பு மணியுடை அரியே.' என் சிலம்பின் பரல் மாணிக்கம். நீ சொல்லும் திருட்டு நடந்ததா, பார்ப்போம்.

ஜனவரி 7, காலை 6.50

விட்டுப்போனது ஒன்று. அவள் சிலம்பை உடனே உடைக்கவில்லை. தன் பரல் இன்னதென்று முதலில் சொல்கிறாள். அரசன் தன் வாயாலேயே 'யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே' என்று சொன்ன பிறகுதான் சிலம்பு உடைகிறது. உடைத்துவிட்டுக் கேட்டிருந்தால், எங்களிடமும் மாணிக்கப் பரல் சிலம்பு உண்டு என்று யாராவது ஒரு அமைச்சர் எழுந்திருக்கலாம்.

முடிவு தெரிந்த பிறகு, எனக்கு இது முன்னமே தெரியும் என்று நாம் உண்மையாகவே நம்பிவிடுகிறோம் என்பதை பாருக் ஃபிஷாஃப் 1975இல் சோதனை செய்து காட்டினார். முடிவு தெரிவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்ல வைப்பது அதற்கு ஓர் அணை. குறுக்கு விசாரணையில் ஆவணத்தைக் காட்டுவதற்கு முன் சாட்சியை ஒரு நிலைக்குக் கட்டுகிறோமே, அதே வேலை. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஃபிஷாஃபையும் படித்ததில்லை, ஹெர்மகோரஸையும் படித்ததில்லை. சிலப்பதிகாரத்தை மனப்பாடமாகச் சொல்வார்.

ஜனவரி 7, இரவு 10.20

ஒருவர் ஆட்சேபிக்கிறார்: திருடன் என்று அரசனுக்குத் தகவல் வந்துவிட்டது, அப்புறம் அவன் நியாயத்தைப் பேசுவதில் என்ன தவறு?

தகவல் யார் கொண்டுவந்தது? சிலம்பைத் திருடிய பொற்கொல்லன். யார் சொன்னது, எப்படித் தெரியும் என்று கேட்காமல் அதன் மேலேயே கட்டிக்கொண்டு போனதுதான் தவறு. மேல்முறையீடுகளில் இதே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கீழ்மன்றத்தில் யாரும் அசைத்துப் பார்க்காத ஒரு செங்கல் மேல் மூன்று மாடி எழும்பியிருக்கும்.

ஆனால் காலையில் எழுதியதில் ஒன்றைத் திருத்துகிறேன். 'சாதாரண வக்கீல் மாட்டிக்கொள்வார்' என்று எழுதியது அநியாயம். தண்டனை அளவுக்கு மீறியது என்பது எத்தனையோ வழக்குகளில் ஒரே வாதம். உயிரைக் காப்பாற்றும் வாதம். 'நடக்கவில்லை; நடந்ததாகவே வைத்துக்கொண்டாலும் இது குற்றமாகாது' என்று படிப்படியாக இறங்கும் உரிமை வக்கீலுக்கு உண்டு. அந்த 'வைத்துக்கொண்டாலும்' என்ற சொல்லுக்கு ஒரு விலை இருக்கிறது, அவ்வளவுதான். அதைச் சொன்ன கணத்தில் கேட்பவர் காதில் பாதி ஒப்புதல் விழுந்துவிடுகிறது. ஒவ்வொரு வழக்கிலும் அந்த விலையைக் கணக்குப் பார்த்த பிறகே சொல்ல வேண்டும்.

ஜனவரி 9, இரவு 8.30

சாட்சியங்களை எந்த வரிசையில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மிகவும் மதிக்கும் ஆய்வு இதில் இருக்கிறது. நான்சி பென்னிங்டனும் ரீட் ஹேஸ்டியும் 1988இல் வெளியிட்டது. ஒரே கொலை வழக்கு, ஒரே சாட்சியங்கள். வரிசை மட்டும் மாறுகிறது. அரசுத் தரப்பின் சாட்சியங்களை நடந்த வரிசைப்படி கதையாகவும், எதிர்த்தரப்பின் சாட்சியங்களை ஆள் ஆளாகச் சிதறலாகவும் கொடுத்தபோது 78 சதவீதம் பேர் குற்றவாளி என்றார்கள். அப்படியே திருப்பிப் போட்டபோது 31 சதவீதம். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை.

கேட்பவர் சாட்சியங்களைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்து நிறுப்பதில்லை. கேட்கக் கேட்கவே ஒரு கதையைப் பின்னிக்கொள்கிறார். பிறகு எந்தத் தீர்ப்பு அந்தக் கதையோடு ஒட்டுகிறது என்று பார்க்கிறார். நாம் கதை தராவிட்டால் அவரே ஒன்றைச் செய்துகொள்வார். அது நமக்குச் சாதகமாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ரோமானிய ஆசிரியர் குவிண்டிலியன் பேச்சுப் பயிற்சி பற்றிப் பன்னிரண்டு புத்தகங்கள் எழுதினார். அதில் வாதத்துக்கு முன் வரும் சம்பவ விவரிப்புக்குத் தனி இடம் உண்டு. தெளிவாக, சுருக்கமாக, நம்பும்படியாக இருக்க வேண்டும் என்கிறார். நாம் மனுவில் எழுதும் 'வழக்கின் சங்கதிகள்' பகுதியைப் பாருங்கள். ஒவ்வொரு பத்தியும் ஆவணத்தின் தேதியில் தொடங்கி ஆவணத்தின் எண்ணில் முடிகிறது. நடுவில் ஒரு மனிதர் ஏதோ செய்தார், இன்னொருவர் பாதிக்கப்பட்டார் என்பதே தெரிவதில்லை.

ஜனவரி 9, இரவு 11.05

சிசரோவைப் பற்றி எழுதாமல் தூங்க முடியவில்லை. கி.மு. 52. குளோடியஸ் என்ற அரசியல்வாதி ஆப்பியன் சாலையில் நடந்த மோதலில் கொல்லப்பட்டான். குற்றம் சாட்டப்பட்டவன் மைலோ, வக்கீல் சிசரோ. மன்றத்தைச் சுற்றி ரோமானியத் தளபதி பாம்பியின் படைவீரர்கள். குளோடியஸின் ஆட்கள் போட்ட கூச்சல். அன்றைக்கு சிசரோவின் பேச்சு எடுபடவில்லை. மைலோ தண்டிக்கப்பட்டு மசிலியாவுக்கு, இன்றைய மார்சேய் நகரத்துக்கு, நாடுகடத்தப்பட்டான். பிறகு சிசரோ அந்த உரையைச் செதுக்கிச் செதுக்கி எழுதி அவனுக்கு அனுப்பினார். அதைப் படித்த மைலோ, நல்லவேளை அன்று இப்படிப் பேசவில்லை, பேசியிருந்தால் மசிலியாவின் அருமையான மீன்களை நான் சாப்பிட்டிருக்க முடியாது என்றானாம்.

சிரிப்பது இருக்கட்டும். ஸ்டாசிஸ் பற்றிச் சொன்னதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. குளோடியஸ் செத்தது நாட்டுக்கு நல்லது, அதனால் கொன்றது நியாயம் என்று வாதிட வேண்டும் என்பது புரூட்டஸ் என்ற ரோமானியரின் நிலை. அப்படியே ஓர் உரையும் எழுதினார். சிசரோ அதை முதன்மையாக எடுக்கவில்லை. பதுங்கியிருந்து தாக்கியது குளோடியஸ், மைலோ தற்காத்துக்கொண்டான் என்று நின்றார். ஒரே பிணம், இரண்டு நிற்குமிடங்கள். எதில் நிற்பது என்ற முடிவு அணியிலக்கணத்தில் வராது; அது வக்கீலின் தலையில் விழும் சுமை.

ஜனவரி 12, இரவு 9.15

இதுவரை எழுதியதெல்லாம் மன்றத்தை எப்படி நம்பவைப்பது என்பதையே சுற்றி வருகிறது. இரண்டு நாட்களாக அது என்னை உறுத்துகிறது. நான் தோற்ற வழக்குகளை எண்ணிப் பார்த்தால், நீதிபதியை நம்பவைக்கத் தெரியாமல் தோற்றவை குறைவு. என்னை நானே நம்பவைத்துக்கொண்டு தோற்றவைதான் அதிகம்.

ஒன்றைச் சொல்கிறேன். சரக்கு அனுப்பியதில் தாமதம். யாரால் என்பதுதான் கேள்வி. நான் அனுப்பியவருக்காக நின்றேன். கட்டில் 47ஆம் பக்கம் என் கட்சிக்காரர் எழுதிய கடிதம். கடைசி வரி: 'காலதாமதத்துக்கு வருந்துகிறோம்.' அந்தப் பக்கத்தை நான்கு முறையாவது படித்திருப்பேன்; ஓரத்தில் என் பென்சில் கோடு இன்னும் இருக்கிறது. மரியாதைக்கு எழுதியது என்று எடுத்துக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் வாசித்துவிட்டு, 'தாமதம் தங்களால் இல்லை என்கிறவர் எதற்காக வருந்தினார்?' என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். நீதிபதி ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பேனா நின்றது. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

பதில் அந்தக் கடிதத்திலேயே இருந்தது. முதல் பத்தியில், கப்பல் வரவில்லை என்பதைக் குறிப்பிட்டு, அதனால் ஏற்பட்ட தாமதம் என்றே எழுதியிருந்தார். மூன்று நாள் கழித்துத்தான் என் கண்ணில் பட்டது. கடைசி வரியை ஆபத்தாகப் பார்த்திருந்தால் முதல் பத்தியைக் கேடயமாகப் பார்த்திருப்பேன். ஆபத்தே தெரியாதவனுக்குக் கேடயம் எதற்கு?

லிண்டா பாப்காக், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் ஆகியோர் 1990களில் செய்த சோதனைகளைப் படித்தபோது இந்த 47ஆம் பக்கம்தான் கண்முன் வந்தது. மோட்டார் சைக்கிள் விபத்து வழக்கு ஒன்றின் ஆவணங்களைக் கொடுத்து, நீதிபதி எவ்வளவு இழப்பீடு தருவார் என்று ஊகிக்கச் சொல்கிறார்கள். சரியாக ஊகித்தால் பணம். பிறகு இரு தரப்பும் பேசிச் சமரசம் செய்ய வேண்டும். நீ வாதி, நீ பிரதிவாதி என்று முன்பே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தபோது 28 சதவீத ஜோடிகளுக்குச் சமரசம் வாய்க்கவில்லை. படித்து முடித்த பிறகு யார் எந்தப் பக்கம் என்று சொன்னபோது 6 சதவீதம். உண்மையாக ஊகித்தால் காசு கிடைக்கும் என்ற நிலையிலும், தன் பக்கம் தெரிந்த கண் வேறு மாதிரி படிக்கிறது.

நமக்குக் கட்டு வரும்போதே கட்சிக்காரரும் கூடவே வருகிறார். பக்கம் தெரியாமல் படிக்கும் வாய்ப்பு நமக்கு ஒருநாளும் இல்லை.

ஜனவரி 12, இரவு 9.50

மருந்தும் அவர்களே இன்னொரு சோதனையில் பார்த்தார்கள். பேரத்துக்கு முன் உன் பக்கத்தின் பலவீனங்களை எழுது என்று சொன்னபோது, சமரசம் முறிவது 35 சதவீதத்திலிருந்து 4 ஆக இறங்கியது. உங்கள் பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னார்களா?

ஜனவரி 13, காலை 7

குவிண்டிலியனின் கடைசிப் புத்தகத்தில், கட்சிக்காரரிடம் வழக்கைக் கேட்டறிவது பற்றி ஒரு பகுதி வருகிறது. ஒவ்வொரு சேம்பரிலும் ஒட்டிவைக்க வேண்டியது. கட்சிக்காரரை வேண்டிய மட்டும் பேச விடு. தேவையில்லாததைக் கேட்பதால் வரும் நட்டத்தைவிடத் தேவையானதைக் கேட்காமல் விடுவதால் வரும் நட்டம் பெரிது. காயமும் சரி, மருந்தும் சரி, அவர் முக்கியமில்லை என்று நினைக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் கிடைக்கும். ஒரு முறை கேட்டால் போதாது, மறுபடி சொல்ல வை. கேட்டு முடித்ததும் எதிர்த்தரப்பு வக்கீலாக மாறி, அவர்கள் கேட்கக்கூடிய அத்தனையையும் நீயே கேள்.

பாப்காக்கின் 'பலவீனத்தை எழுது' என்பதற்கும் இதற்கும் இடையில் பத்தொன்பது நூற்றாண்டுகள். அந்தப் புத்தகத்தைக் காட்டி ஜூனியர்களிடம் சொல்வேன்: நீதிபதியை வசப்படுத்தும் வித்தை என்று நினைத்துத்தான் திறக்கிறீர்கள், உள்ளே இருப்பது உங்களையே சந்தேகிக்கும் பயிற்சி.

ஜனவரி 14, மாலை 6.30

திருத்தம். முதல் நாள் இரவு, இடைவேளைக்கு முன் கடுமையாகும் நீதிபதிகள் என்ற இஸ்ரேல் ஆய்வை 'ஒன்று போதும்' என்று எழுதினேன். ஒரு வாசகர் கேள்வி கேட்ட பிறகு மறுபடி உட்கார்ந்து படித்தேன். அப்படி எழுதியிருக்கக் கூடாது.

2011இல் வந்தது அது. அமர்வின் தொடக்கத்தில் ஏறத்தாழ 65 சதவீத மனுக்கள் ஏற்கப்படுகின்றன; இடைவேளை நெருங்க நெருங்கப் பூஜ்யத்தை ஒட்டி இறங்குகிறது; சாப்பிட்டு வந்ததும் மறுபடி ஏறுகிறது. பசிதான் காரணம் என்று உலகமே பேசியது. ஆனால் அதே ஆண்டிலேயே மறுப்பு வந்துவிட்டது: மனுக்கள் குலுக்கிப் போட்ட வரிசையில் வருவதில்லை, வக்கீல் இல்லாத கைதிகளின் மனுக்கள் பெரும்பாலும் அமர்வின் கடைசியில் வருகின்றன. வக்கீல் இல்லாத மனு தோற்பதற்கு நீதிபதி பசியோடு இருக்க வேண்டியதில்லை. 2016இல் ஆண்ட்ரியாஸ் குளொக்னர் இன்னொன்றைக் காட்டினார்: மனுவை ஏற்கும் உத்தரவுக்கு அதிக நேரம் பிடிக்கும், இடைவேளைக்குச் சில நிமிடமே இருக்கும்போது நீண்ட விஷயத்தைக் கையில் எடுக்கமாட்டார்கள். இதுவே அந்தச் சரிவில் பெரும்பகுதியை உண்டாக்கிவிடும்.

அந்த ஆய்வு எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது? நான் தோற்ற சில வழக்குகளுக்கு என் மேல் பழி வராத ஒரு காரணத்தை அது கொடுத்தது. இரண்டு நாள் முன்புதான் 47ஆம் பக்கத்தைப் பற்றி எழுதினேன். அதே கண்தான் இந்த ஆய்வையும் படித்திருக்கிறது.

ஜனவரி 17, இரவு 9

நங்கூர எண் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்: முதலில் காதில் விழும் எண் கடைசி முடிவை இழுக்கிறது என்பது உண்மையா?

உண்மை. பசி ஆய்வைப் போல ஒற்றைக் காலில் நிற்பதில்லை இது. 2006இல் ஜெர்மனியில் சட்டத்துறையினரையே வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு கடைத்திருட்டு வழக்கைப் படிக்கக் கொடுத்தார்கள். இரண்டு பகடைகளைத் தங்கள் கையாலேயே உருட்டச் சொன்னார்கள். கூட்டுத்தொகை 3 அல்லது 9 மட்டுமே விழும்படி அவை செய்யப்பட்டிருந்தன. அந்த எண்தான் அரசுத் தரப்பு கேட்கும் தண்டனை என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். 3 விழுந்தவர்கள் கொடுத்த தண்டனை சராசரியாக 5.28 மாதம், 9 விழுந்தவர்கள் கொடுத்தது 7.81 மாதம். பகடைக்கும் வழக்குக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்த நிலையில்.

அமெரிக்காவில் 167 மாஜிஸ்திரேட்டுகளை வைத்து நடந்த ஆய்வு 2001இல் வந்தது. படுகாயம் அடைந்தவருக்கு இழப்பீடு எவ்வளவு என்று கேட்டபோது சராசரி சுமார் 12.49 லட்சம் டாலர். 'இழப்பு 75,000 டாலரைக்கூடத் தாண்டாது, வழக்கைத் தள்ளுபடி செய்யுங்கள்' என்ற உப்புச்சப்பில்லாத மனு ஒன்றை முதலில் காட்டியபோது 8.82 லட்சம். மனுவை நிராகரித்துவிட்டார்கள், எண் மட்டும் உள்ளே தங்கிவிட்டது.

இங்கேதான் பயிற்சி வகுப்புகள் என்னைக் கோபப்படுத்துகின்றன. 'ஆகவே வானளாவிய தொகையைக் கேளுங்கள்' என்று முடித்துவிடுகிறார்கள். அரிஸ்டாட்டில் தன் வாதக்கலைப் புத்தகத்தின் முதல் பக்கங்களிலேயே இதற்குப் பதில் எழுதிவைத்திருக்கிறார். நீதி சொல்பவரைக் கோபத்துக்கோ பொறாமைக்கோ இரக்கத்துக்கோ திருப்பிவிடுவது, அளக்கப்போகும் அளவுகோலை முதலில் வளைத்துவிடுவது போன்றது என்கிறார். தச்சர் யாராவது அப்படிச் செய்வாரா? இன்று உங்களுக்காக வளைத்த கோல் நாளைக்கு எதிர்த்தரப்பு கையில் இருக்கும். அதே கோலால்தான் அளப்பார்கள்.

நான் ஜூனியர்களுக்குச் சொல்வது: எதிர்த்தரப்பு ஓர் எண்ணை வீசினால் அதை மறுப்பதோடு நிற்காதே, ஆதாரத்தோடு உன் எண்ணை உடனே வை. மருத்துவச் செலவு இவ்வளவு, வேலைக்குப் போகாத நாட்கள் இத்தனை, சம்பளம் இவ்வளவு, பெருக்கினால் இது. வெறுமனே 'அது மிகக் குறைவு' என்று சொன்னால் அவர்கள் எண்தான் அறையில் தனியாக நிற்கும்.

ஜனவரி 18, காலை 6.30

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, அரிஸ்டாட்டில்தானே உணர்ச்சிகளைப் பற்றி ஒரு புத்தகப் பகுதியே எழுதினார் என்று கேட்கிறார்கள். ஆமாம், இரண்டாம் புத்தகத்தில். கோபம், அச்சம், வெட்கம், இரக்கம் ஒவ்வொன்றும் யார் மேல், எதனால், எந்த மனநிலையில் வருகிறது என்று அலசுகிறார். இரண்டும் முரணா என்று பல காலம் யோசித்திருக்கிறேன். இன்றைய என் முடிவு: வழக்கிலேயே இருக்கும் வலியை மறைக்காமல் காட்டலாம், வழக்கில் இல்லாத வலியைக் கொண்டுவந்து ஊற்றக்கூடாது. கை இழந்தவரின் வழக்கில் அவர் சட்டைப் பொத்தானை எப்படிப் போடுகிறார் என்று கேட்பது சாட்சியம். அவர் குழந்தையை மன்றத்துக்குத் தூக்கி வருவது கோலை வளைப்பது. எல்லா வழக்கிலும் கோடு இவ்வளவு தெளிவாக இருக்காது.

ஜனவரி 18, இரவு 10

சாட்சியிடம் கேட்கும் வினைச்சொல் பற்றி. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் விபத்துப் படத்துண்டுகளைக் காட்டினார்கள். கார்கள் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று கேட்டபோது பதில் சராசரியாக மணிக்கு 40.8 மைல், 'தொட்டுக்கொண்டபோது' என்று கேட்டபோது 31.8. இன்னொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. 'நொறுங்கிய' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். 'இடித்த' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர்.

நம் மொழியில் உரசியது, தட்டியது, இடித்தது, மோதியது, பாய்ந்தது என்று எத்தனை படிகள்! ஒரு முதியவர் என் சாட்சி. முதல் நாள் என்னிடம் 'உரசிட்டுப் போச்சுங்க' என்றார். நான் வாக்குமூலத்தில் 'மோதியது' என்று எழுதினேன். தீய எண்ணம் எதுவும் இல்லை, எழுதும்போது வருகிற சொல் அதுதான். ஓராண்டு கழித்துக் கூண்டில் ஏறி, 'பலமாக மோதியது' என்றார். பொய் சொல்கிற முகமே இல்லை அது. என் சொல் அவர் நினைவாகிவிட்டது. அதன் பிறகு சாட்சி சொன்ன வினைச்சொல்லை அப்படியே, மேற்கோள் குறிக்குள் எழுதுகிறேன்.

ஜனவரி 22, இரவு 9.30

பயிற்சிக்கு வருகிறேன், உங்கள் கேள்வியே அதுதான்.

ரோமில் இளைஞர்களுக்குக் கற்பனை வழக்குகளைக் கொடுத்து இரு பக்கமும் பேசவைத்தார்கள். கடற்கொள்ளையர், கொடுங்கோலர், விசித்திரமான சட்டங்கள். இதற்கும் நிஜ மன்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ரோமானிய எழுத்தாளர் பெட்ரோனியஸ் அன்றே சாடினார். வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் உரையாடல் நூலிலும் அதே புகார் வருகிறது. இன்றைய மாதிரி நீதிமன்றப் போட்டிகளைப் பார்த்தால் அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. சங்கதிகள் எல்லாம் ஒப்புக்கொள்ளப்பட்டவை, சட்டம் மட்டுமே கேள்வி. 47ஆம் பக்கம் அந்தப் போட்டியில் வரவே வராது.

ஆனாலும் 'இரு பக்கமும் பேசு' என்பதை விடக்கூடாது. கி.மு. 155இல் கிரேக்கத் தத்துவஞானி கார்னியாடீஸ் ரோமுக்குத் தூது வந்தபோது ஒரு நாள் நீதிக்கு ஆதரவாகவும் மறுநாள் எதிராகவும் பேசினார். ரோமானிய அரசியல்வாதி மூத்த கேட்டோ மிரண்டுபோய் இவரைச் சீக்கிரம் ஊருக்கு அனுப்புங்கள் என்றார். கேட்டோவின் பயம் எனக்குப் புரிகிறது. எதையும் இரு பக்கமும் பேசத் தெரிந்தவன் எதையும் நம்பாதவனாகிவிடக்கூடும். நான் பார்த்த வரையில் ஆபத்து எதிர்ப்புறத்தில்தான் அதிகம்: ஒரே பக்கம் பேசிப் பேசி எல்லாவற்றையும் நம்பிவிடும் வக்கீல்கள்.

என் முறை இது. முடிந்துபோன வழக்கின் கட்டை, பெயர்களை மாற்றி, தீர்ப்பை எடுத்துவிட்டுக் கொடுப்பேன். எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டேன். இரண்டு பக்கத்துக்கும் ஒரு பக்க அளவில் சங்கதிகளை எழுத வேண்டும். அப்புறம் காசைச் சுண்டுவோம். போன ஆண்டு ஒரு பெண். படித்ததிலிருந்தே வாதிக்காகத் துடித்துக்கொண்டிருந்தாள். பூ விழுந்து பிரதிவாதி ஆனாள். இரண்டு நாள் முகம் கொடுத்தே பேசவில்லை. மூன்றாம் நாள், வாதி தரப்பு ரசீதில் தேதியும் கையெழுத்தும் வேறு வேறு மையில் இருப்பதைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். அதே ரசீதை முதலில் வாதிக்காக எழுதியபோது தன் பலமான ஆவணம் என்று முதல் வரியில் வைத்திருந்தாள்.

ஜனவரி 22, இரவு 10.10

பலவீனப் பட்டியல் பற்றி மறுயோசனை. 12ஆம் தேதி அதை மருந்து என்றே எழுதிவிட்டேன். நடைமுறையில், ஜூனியர்களிடம் எழுதச் சொன்னால் ஐந்தாவது வழக்கிலேயே அது சடங்காகிவிடுகிறது. தோற்கடிக்க முடிந்த பலவீனங்களை மட்டும் எழுதுகிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது பட்டியலில் இருக்காது.

ஹியூகோ மெர்சியே, டான் ஸ்பெர்பர் என்ற இரு ஆய்வாளர்கள் சொல்வது இங்கே உதவுகிறது. மனிதப் பகுத்தறிவு பிறரோடு வாதிடுவதற்காகவே வளர்ந்தது; அதனால் தன் வாதத்தைச் சோம்பலாகவும் பிறர் வாதத்தைக் கறாராகவும் சோதிக்கிறது என்பது அவர்கள் கட்சி. 2016இல் மெர்சியேயும் உடனிருந்தவர்களும் செய்த சோதனையில், ஒருவர் சற்று முன் சொன்ன காரணத்தையே இன்னொருவர் சொன்னதாக மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றியதைக் கவனிக்காதவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் சொந்தக் காரணத்தையே ஏற்க மறுத்தார்கள்.

ஆகவே இப்போது வரைவைக் கைமாற்றிவிடுகிறேன். ஒருவர் எழுதியதை இன்னொருவர், எதிர்த்தரப்பாக நின்று, சிவப்பு மையில் அடிக்க வேண்டும். சங்கடமான மாலைகள் அவை. ஒருமுறை இரண்டு நண்பர்கள் பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள். ஆனாலும் விடப்போவதில்லை.

ஜனவரி 23, காலை 6.20

வாதுரையை எப்படி நினைவில் வைப்பது என்ற கேள்விக்குச் சுருக்கமாக. வாதுரையைத் திரும்பத் திரும்பப் படிக்காதீர்கள். மூடிவைத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் காட்டியது: ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள் முன்னிலை, ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42. விசாரணை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

ஜனவரி 29, இரவு 9.45

உங்கள் செய்தி கண்டேன். உங்கள் வழக்கை எதிர்த்தரப்பு வக்கீலாக எழுதிப் பார்த்ததில் இரண்டாவது பத்தியிலேயே பேனா ஓடவில்லை, கட்சிக்காரர் சொன்ன தேதி சரியாக இருந்தால் அவர் அன்று கையெழுத்திட்டிருக்கவே முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். சீனியரிடம் சொல்லத் தயங்குவதாகவும்.

இன்றைக்கே சொல்லுங்கள். மன்றத்தில் மற்றவர் சொல்லி அவர் கேட்பதைவிட, சேம்பரில் நீங்கள் சொல்லி அவர் கோபப்படுவது நல்லது. கட்சிக்காரர் பொய்யர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் சொன்ன தேதி முதல் நோட்டீசை எழுதியவர் போட்ட தேதியாக இருக்கலாம்; என் 'மோதியது' போல.

விசாரணை திங்கட்கிழமை என்கிறீர்கள். நாளைக் காலை அவரை மறுபடி வரச்சொல்லுங்கள். கட்டை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆவணம் எதையும் காட்டாமல், முதல் நாளிலிருந்து மறுபடி சொல்லச் சொல்லுங்கள். தேதி தவறாக வந்தாலும் குறுக்கிடாதீர்கள். அன்று கையெழுத்துப் போடும்போது கூட யார் இருந்தார்கள், உட்கார்ந்து போட்டாரா நின்றுகொண்டு போட்டாரா, போட்டதும் எங்கே போனார் என்று அவரே சொல்லி முடிக்கும் வரை பேனாவை எடுக்க வேண்டாம்.